முந்திரிக்காட்டு வண்டுகள்

"இன்னைக்கும் ஒண்ணும் வுழலைங்க" என்றாள் மலர்விழி.

மேய்ச்சல் நிலத்தின் நடுவில் மண்டியிட்டு, தரை மட்டத்துக்குப் புதைத்து வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பாவுக்கு மேலே ஒரு குச்சியில், துணியில் முடிந்த சாணி உருண்டை தொங்கியது. வாசனை பிடித்து வரும் சாணி வண்டு தவறி உள்ளே விழ வேண்டும் என்பது ஏற்பாடு. உள்ளே ஓர் எறும்பு மட்டும் வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"எறும்பு கணக்குல வராதுங்களா?" என்று கேட்டான் செங்குட்டுவன்.

"வராதுங்க."

அவனுக்குப் பெயர்தான் ராஜா பெயர். பார்ப்பது, நெய்வேலி டவுன்ஷிப்பைத் தாண்டி வடக்குத்துப் பக்கம் காந்திமதி அம்மாள் நடத்தும் மாட்டுப் பண்ணையில் சூப்பர்வைசர் வேலை. பண்ணையின் மேய்ச்சல் நிலத்துக்கு அப்பால் சுரங்கத்து மண்மேடு. காலைப் பனியில் அது நீலமாக, அசல் மலை மாதிரியே தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் செங்குட்டுவன் கெட்டிக்காரன். மாடு கன்று போட்டால்கூட யாராவது வந்து தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டும். கனவு காண்பதற்கென்று ஒரு வேலை இருந்திருந்தால் அவன் என்றைக்கோ பர்மனென்ட் ஆகியிருப்பான்.

ஆவணி மாதம் மலர்விழி வந்ததிலிருந்து மண்மேட்டைப் பார்ப்பது குறைந்துபோயிற்று. அவள் காடாம்புலியூர்ப் பெண். காலேஜில் பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். ஒன்பது மணி பஸ்ஸில் வந்து, டப்பாக்களைப் பார்த்து, மண்ணைக் கிளறி, சாயங்கால பஸ்ஸில் திரும்பிப் போவாள். அவள் நடந்து போன பாதையில் புல் நிமிரும்வரை செங்குட்டுவன் பார்த்துக்கொண்டிருப்பான். புல் நிமிர நிறைய நேரம் ஆகும் என்பது அதற்கு முன்னால் அவனுக்குத் தெரியாது.

"மாட்டுக்குப் பூச்சி மருந்து எப்பெப்பக் குடுக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"மாசா மாசம் தவறாம ஊசி போட்டுடுவேங்க. ஒரு மாசம்கூட வுட்டதில்ல." பாராட்டை எதிர்பார்த்து நிமிர்ந்து நின்றான்.

"அதாங்க வெனை. வயித்துப் பூச்சிக்குப் போடற மருந்து சாணியோட வெளிய வருது. அதைத் தின்னா வண்டோட புழு பொழைக்காது."

"சாணி வண்டு இல்லன்னா என்னாங்க? அது ஒரு அழுக்குப் பூச்சிதான?"

அவள் திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் செங்குட்டுவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"இந்த நெலத்தைப் பாருங்க. வறட்டி காயப்போட்ட மாதிரி எங்க பாத்தாலும் சாணி. அதுக்குக் கீழ புல்லு வெளுத்துப் போவுது. பக்கத்துப் புல்லை மாடு மோந்து பாத்துட்டு ஒதுங்கிடுது. ஈ மொய்க்குது. எங்க ஊரு முந்திரிக் காட்டுல மாடு சாணி போட்டுத் திரும்பறதுக்குள்ள வண்டு பறந்து வந்துடும். ஒண்ணு உருட்டிகினு ஓடும். இன்னொண்ணு அங்கியே சொரங்கம் தோண்டி உள்ள இழுத்துகினு போயிடும்."

"சொரங்கமா? நம்ம ஊரு ஆளுதான்னு சொல்லுங்க."

மலர்விழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம ஊருல கீழ இருக்கிறத மேல கொண்டாராங்க. அது மேல இருக்கிறத கீழ கொண்டு போவுது. அந்தப் பொந்து வழியா மழைத் தண்ணி எறங்கும், காத்து போவும், புல்லு வேர் வுடும். எல்லாம் ஒரு கட்டைவெரல் நகத்தளவு பூச்சிங்க செய்யற வேலை."

அவள் சொல்லச் சொல்ல, தரைக்குக் கீழே ஒரு சின்ன டவுன்ஷிப்பே ஓசையில்லாமல் இயங்குவது போல அவனுக்குத் தோன்றியது. பிளாக் பிளாக்காக வீடுகள். ஷிப்ட் மாறும் நேரம். தலையில் விளக்குக் கட்டிய வண்டுகள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன்" என்று அந்த டவுன்ஷிப்பின் மேல் மண்ணைப் போட்டாள் மலர்விழி. "அப்பவும் வரலன்னா, இங்க இல்லன்னு முடிவு பண்ணிகினு வேற ஊரு பாக்கப் போயிடுவேன்."

"போயிட்டா?"

"போயிட்டா அவ்ளோதாங்க. இங்க எனக்கு என்னா வேலை?"

அன்றைக்குச் செங்குட்டுவன் ஒரே மாட்டை இரண்டு தடவை கழுவினான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவன் காடாம்புலியூர் பக்கத்து முந்திரிக் காட்டில் போய் இறங்கினான். கையில் மூன்றடுக்கு டிபன் கேரியர். நியாயம் அநியாயம் எல்லாம் யோசிக்கவில்லை. இல்லாதது அங்கே, இருப்பது இங்கே, நடுவில் ஒரு டவுன் பஸ். அவனுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

முந்திரிக் காடு பனியில் முங்கிக் கிடந்தது. சருகுக்கு மேல் ஒரு வண்டு தலைகீழாக நின்று, பின்னங்கால்களால் தன்னைவிடப் பெரிய சாணி உருண்டையைத் தள்ளிக்கொண்டு போனது. வேரில் முட்டியது, உருண்டையோடு சேர்ந்து புரண்டது, எழுந்து மறுபடி தள்ளியது. பிடிக்க வந்தவன் பிடிக்க மறந்து, அதன் பின்னாலேயே நடந்தான். எங்கே போகிறது, வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் எப்படி விடுவது? உருண்டை ஒரு பொந்துக்குள் இறங்கி மறைந்தபோது அவன் மனசு நிறைந்துபோயிற்று. பஸ்ஸும் போயிற்று.

அடுத்த பஸ்ஸில் ஏறும்போது கேரியரில் பத்துப் பன்னிரண்டு வண்டுகள் இருந்தன. மூச்சு முட்டப் போகிறதே என்று இரக்கப்பட்டு மூடியை இலேசாகத் தளர்த்தி வைத்தான். இரக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது முத்தாண்டிக்குப்பத்தில் ஏறிய ஒரு சந்தைக்காரம்மாவின் அலறலில் தெரிந்தது.

"ஐயையோ, என்னாமோ ஊருது! சீலையில என்னாமோ ஊருது!"

பஸ்ஸே எழுந்து நின்றது. ஒரு வண்டு பூக்கூடைக்குள் போனது. ஒன்று டிரைவர் தலைக்கு மேல் வட்டமடித்தது. இன்னொன்று நேராகக் கண்டக்டர் சண்முகசுந்தரத்தின் டிக்கெட் மெஷின் மேல் போய் உட்கார்ந்து, எந்த ஊர் என்று யோசிப்பது போல் மீசையை ஆட்டியது.

"யாரோடது தம்பி இது?"

செங்குட்டுவன் கையைத் தூக்கினான். சண்முகசுந்தரம் கேரியரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாணி வண்டை டிபன் கேரியர்ல எடுத்துகினு போறவன இப்பத்தான் பாக்கறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கா?"

"இல்லண்ணே. ஒரு பொண்ணு வண்டு இல்லன்னு ஊரை வுட்டுப் போறேன்னு சொல்லுது."

வேலையில் முடி நரைத்த கண்டக்டருக்கு அது போதுமாக இருந்தது. மெஷினிலிருந்த வண்டை இரண்டு விரலால் பக்குவமாக எடுத்துக் கேரியரில் விட்டார். "மூடியில ஆணி வெச்சி ஓட்டை போட்டு எடுத்துகினு வா தம்பி. பொம்பளைங்க ஏர்ற வண்டி."

ஒன்பது மணிக்கு மலர்விழி வந்து முதல் டப்பாவை எட்டிப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, வேப்பமரத்தடியில் ஒன்றும் தெரியாதவன் போல் கயிறு திரித்துக்கொண்டிருந்த செங்குட்டுவனைப் பார்த்தாள்.

"வந்துடுச்சிங்க" என்றாள்.

"அப்படிங்களா! நான் பாக்கவே இல்லியே."

"நாளைக்கும் வருமா?"

"வரும்ங்க" என்று சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. "வரும்னு நெனைக்கறேன்."

"அப்ப நானும் வரேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகச் செங்குட்டுவன் தினமும் முதல் பஸ் ஏறினான். வெள்ளிக்கிழமை போய், புரட்டாசி பிறந்து, அதுவும் போனது. வண்டுகள் வந்தன, மலர்விழியும் வந்தாள்.

ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டான். "புடிச்ச வண்டையெல்லாம் என்னாங்க பண்ணுவீங்க?"

"எண்ணிட்டு வுட்டுடுவேங்க. பாவம், அதுங்களுக்கும் குடும்பம் இருக்குமில்ல."

அவனுக்கு நிம்மதியாக இருந்தது. வண்டு பிடிப்பதும் வரவர எளிதாகிக்கொண்டே வந்தது. முதலில் காட்டுக்குள் வெகு தூரம் போக வேண்டியிருந்தது. இப்போது ரோட்டோரத்திலேயே, பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கும்பலாகக் கிடைத்தன. கொம்பு முனை உடைந்த வண்டு ஒன்று முதல் வாரம் கிடைத்தது. அடுத்த வாரமும் கொம்பு உடைந்த ஒன்று கிடைத்தது. அதற்கடுத்த வாரமும் ஒன்று. இந்தக் காட்டு வண்டுகளுக்குள் அடிதடி அதிகம் போலிருக்கிறது என்று வருத்தப்பட்டான்.

தொல்லை காந்திமதி அம்மாள் ரூபத்தில் வந்தது.

"செங்குட்டுவா, நம்ம நெலத்துல சாணி வண்டு வந்துடுச்சாமே! அந்தப் பொண்ணு டப்பாவைக் காட்டுச்சி, நானே பாத்தேன்."

"ஆமாம்மா."

"அதான் நல்லா சாணியைப் பொதைக்குமாமே. அப்புறம் சாணி அள்ள எதுக்கு ஆளு? சாணி அள்ளிகினு இருந்த பாப்பாவையும் மாணிக்கம்மாளையும் கொட்டாய்ல பால் கறக்கப் போட்டுட்டேன்."

பாப்பாவுக்கும் மாணிக்கம்மாளுக்கும் ஏக சந்தோஷம். வெயிலில் கூடை சுமக்கும் வேலை போய் நிழலில் உட்காரும் வேலை வந்தால் யாருக்குத்தான் கசக்கும்? "வண்டு மவராசன் நல்லா இருக்கணும் சூப்பர்வைசரே" என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். செங்குட்டுவனுக்குத்தான் விஷயம் தெரியும். வண்டு மகராசர்கள் காலையில் டப்பாவுக்கு வந்து முகத்தைக் காட்டுவதோடு சரி. ஒரு பொட்டுச் சாணிகூட அவர்கள் புதைக்கவில்லை.

அடுத்த சில நாட்களில் மேய்ச்சல் நிலத்தில் கால் வைக்க இடமில்லை. ஈ மொய்த்தது. மாடுகள் வாலைச் சுழற்றிச் சுழற்றி, மேய்வதற்கே நேரமில்லாமல் நின்றன.

"வண்டு என்னா பண்ணுது?" என்றாள் காந்திமதி அம்மாள்.

"புது எடம்மா. பழகணும்."

"மருமவளா அது, பழகறதுக்கு? நாளைக்குப் பாக்கறேன்."

வேறு வழி தெரியவில்லை. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம், செங்குட்டுவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நிலத்தில் இறங்கினான். ஒவ்வொரு சாணிக்குப் பக்கத்திலும் குழி வெட்டி, உள்ளே தள்ளி, மேலே மண்ணைப் பரப்பி, பொடி மண்ணை ஊதி வைத்தான். வண்டு செய்தால் எப்படி இருக்குமோ அப்படி. முதுகு முறிந்துவிட்டது. முந்திரிக் காட்டில் பார்த்த அந்த முதல் வண்டு நினைவுக்கு வந்தது. அதற்காவது பின்னங்காலால் தள்ளத் தெரிந்திருந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்த மலர்விழி ஒரு குழியின் முன்னால் குனிந்து நின்றாள்.

"என்னாங்க இது, இவ்ளோ ஆழமா?"

"மழை பெஞ்சிருக்குதில்லீங்க. ஈரம் எறங்கினா ஆழமாத்தான் தோண்டும்."

"பக்கம் நாலும் நேரா வெட்டின மாதிரி இருக்கே."

"கொம்பு வண்டுங்க" என்றான் செங்குட்டுவன், மண்வெட்டியைக் காலால் புல்லுக்குள் தள்ளியபடி.

மலர்விழி உதட்டை மடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். ஆராய்ச்சிக்காரர்கள் அப்படித்தான் யோசிப்பார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

பொய் ஜெயித்தது என்பதுதான் பெரிய கஷ்டம். சாணி உரமாகி, மண் பொலபொலவென்று ஆகி, புல் தழைத்து வந்தது. மாடுகள் தலை நிமிராமல் மேய்ந்தன. காந்திமதி அம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. "வண்டுன்னா வண்டு! இன்னும் பத்து மாடு வாங்கிப்புட்டேன்" என்று அறிவித்தாள். பத்து மாடும் வந்தன, அவற்றோடு அவற்றின் சாணியும் வந்தது.

செங்குட்டுவன் விடியலில் வண்டு பிடித்தான், மத்தியானம் வண்டாக வேலை பார்த்தான். சாயங்காலம் மலர்விழி போன பாதையைப் பார்த்துக்கொண்டே புல்லில் சாய்ந்தால் அப்படியே தூங்கிப்போனான். கனவில் அவனுக்கு ஆறு கால் இருந்தது. பனிக்குள் ஒரு பெரிய உருண்டையைத் தள்ளிக்கொண்டு போனான். உருண்டைக்கு அந்தப் பக்கம் யாரோ சேர்ந்து தள்ளுவது போல அது இலகுவாக நகர்ந்தது. யாரென்று எட்டிப் பார்க்கும் முன்னால் மாடு முகத்தை நக்கி எழுப்பிவிடும்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, மலர்விழி டப்பாக்களை ஒவ்வொன்றாக மண்ணிலிருந்து பிடுங்கினாள்.

"என்னாங்க, எடுக்கிறீங்க?"

"திங்கக்கிழமையோட எல்லாத்தையும் முடிச்சிக்கலாம்னு இருக்கேங்க." மண்ணைத் தட்டிவிட்டு அவனை நேராகப் பார்த்தாள். "அதுக்கு முன்னால நீங்க ஏதாவது சொல்லணுமா?"

செங்குட்டுவன் டப்பா இருந்த குழியைப் பார்த்தான். முடிக்கிறாள். ஆராய்ச்சியை எழுதிக் கொடுக்கப் போகிறாள். இந்த மேய்ச்சல் நிலத்தில் வண்டு உண்டு, மருந்து போட்டாலும் உண்டு என்று எழுதுவாள். காலேஜிலிருந்து நாலு பேர் வந்து தோண்டிப் பார்ப்பார்கள். மண்வெட்டித் தடம்தான் இருக்கும். அவள் வருஷக்கணக்காகப் படித்த படிப்பு அவன் டிபன் கேரியரில் போய்விடும். சொன்னால் அவள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் அவள் கெட்டுப்போவாள்.

"சொல்லுங்க" என்றாள் மலர்விழி, ரொம்ப மெதுவாக.

"மாட்டுக்குத் தண்ணி காட்டணுங்க" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனான்.

கொட்டகைக்குப் பின்னால் நின்று தன்னையே திட்டிக்கொண்டான். அவள் பஸ் ஏறிப் போகும் சத்தம் கேட்டது. காலமெல்லாம் அவள் தன்னை நினைக்காமல் போனாலும் பரவாயில்லை, ஒரு பொய்யனை நம்பிக் கெட்டாள் என்று மட்டும் ஆகக் கூடாது. அந்த எண்ணம் வந்ததும் அழுகையும் வந்தது. பக்கத்தில் நின்ற மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான். மாடும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் செங்குட்டுவன் வெறுங்கையோடு ஏறினான். தோய்த்துத் தேய்த்த சட்டை. வெளியே முந்திரிக் காடுகள் பனிக்குள் மிதந்து மிதந்து போயின. எதையும் அவன் பார்க்கவில்லை. சொல்ல வேண்டிய வார்த்தைகளை உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். 'என்னை மன்னிச்சிடுங்க' என்பது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் ஓடவில்லை.

"என்னா தம்பி, கேரியரைக் காணோம்?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் கண்டக்டர் சண்முகசுந்தரம். வண்டியில் வேறு ஆளில்லை.

"இனிமே அது கெடையாதுண்ணே. நேரா அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போறேன். எல்லாம் நான் கொண்டாந்து போட்ட வண்டுதான், உங்கள ஏமாத்திட்டேன்னு சொல்லிடப் போறேன். செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கறேன். அது படிப்பு கெட்டுடக் கூடாது."

சண்முகசுந்தரம் அவன் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"அது படிப்பு வேலைதான் புரட்டாசியிலியே முடிஞ்சிபோச்சே தம்பி! 'இன்னும் ஏம்மா தெனமும் டப்பாவைத் தூக்கிகினு சாயங்கால வண்டியில வர்றே'ன்னு நான் கேட்டா, 'அவரு காலையில கூட்டிகினு வர்ற வண்டுங்கள யாருண்ணே திருப்பிக் கொண்டாந்து காட்டுல வுடறது'ன்னு கேக்குது."